ஏழுக்குப் பக்கத்தில் ஒரு இலை

எங்கள் வீட்டில் அப்பப்பாவின் பழைய மைலோ ரின் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது அவர் கொண்டுவந்த காசுக் குற்றிகள் பத்துப் பன்னிரண்டு அதற்குள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று 1943ஆம் ஆண்டின் இலங்கை ஐம்பது சதம். ஒரு பக்கம் ராசாவின் தலை. மறுபக்கம் பெறுமதி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. பத்து வயதில் அந்தத் தமிழைத்தான் முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிறகு திருப்பி, ராசாவின் தலையைச் சுற்றியிருந்த ஆங்கிலத்தை வாசித்தேன். ஆறாம் ஜோர்ஜ், அரசர், இந்தியாவின் சக்கரவர்த்தி என்று இருந்தது.

“இது இலங்கைக் காசுதானே அப்பப்பா, ஏன் இந்தியா எண்டு போட்டிருக்கு?”

“அவன் எல்லா இடத்துக்கும் ராசா, பிள்ளை. இங்கயும் அவன்தான். உங்கட கனடாக் காசையும் எடுத்துப் பார், அதிலயும் இந்தியா இருக்கும்.”

எடுத்துப் பார்த்தேன். என்னிடம் இருந்த கனடாக் காசிலெல்லாம் எலிசபெத் மகாராணிதான் இருந்தார். இந்தியாவைக் காணவில்லை. அப்பப்பா சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது சரி என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

கடவுளைத் தள்ளிவிட்ட பட்டம்

விக்டோரியா மகாராணிக்கு இந்தியாவின் சக்கரவர்த்தினி என்ற பட்டத்தைக் கொடுக்கும் சட்டம் 1876இல் வந்தது. அடுத்த ஆண்டு முதலாம் திகதி டெல்லியில் பெரிய விழா வைத்து அதை அறிவித்தார்கள். அவருக்குப் பிறகு வந்த அரசர்களும் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டார்கள்.

1911இல் ஐந்தாம் ஜோர்ஜின் தலையோடு புதிய கனடாக் காசுகள் வந்தன. காசுக் குற்றியின் விளிம்பில் இடம் கொஞ்சம்தான். அதற்குள் அரசரின் பெயரையும் பட்டங்களையும் லத்தீன் மொழியில் அடக்க வேண்டும். ‘ரெக்ஸ் எட் இண்ட் இம்ப்’ என்று எழுதினார்கள். ‘அரசரும் இந்தியச் சக்கரவர்த்தியும்’ என்பதன் சுருக்கம் அது. அதை எழுதியபோது, வழக்கமாக இருக்கும் ‘டெய் கிராசியா’ விடுபட்டுப் போயிற்று. ‘கடவுளின் அருளால்’ என்பது அதன் பொருள். சனங்கள் கோபப்பட்டார்கள். ‘கடவுள் இல்லாத காசு’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1912இல், கடவுளைச் சுருக்கமாகத் திரும்பச் சேர்த்தார்கள். அதனால் 1911ஆம் ஆண்டுக் காசுகள் மட்டும் தனி வகையாக நிற்கின்றன. சேகரிப்பவர்கள் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள்.

1937இல் ஆறாம் ஜோர்ஜின் காசுகள் வந்தபோது கடவுளுக்குக் கிடைத்தது ‘டி. ஜி.’ என்ற இரண்டு எழுத்து. இந்தியச் சக்கரவர்த்திக்கு ஆறு எழுத்து. நாங்கள் இன்று பள்ளிக்கூடம் போகும் இந்த ரொறன்ரோவில், பாணும் பாலும் வாங்கக் கொடுத்த ஒவ்வொரு சதத்திலும் இந்தியாவின் பெயர் இருந்தது. அதைச் செலவழித்தவர்களில் எத்தனை பேர் அதை வாசித்தார்களோ தெரியாது.

ஒட்டாவாவில் ஒரு சிக்கல்

1947 ஆகஸ்ட் 15ஆம் திகதி இந்தியா சுதந்திரம் அடைந்தது. இனி அரசர் இந்தியாவின் சக்கரவர்த்தி இல்லை. அப்படியானால் காசிலிருந்தும் அந்தச் சொற்களை எடுக்க வேண்டும்.

இது அழிறப்பரால் அழிக்கிற வேலை இல்லை. காசு அடிப்பதற்கு உருக்கினால் செய்த அச்சு வேண்டும். காசில் மேடாகத் தெரிவதெல்லாம் அச்சில் குழியாக இருக்கும். அரசரின் தலை உள்ள பக்கத்துக்கான மூல அச்சுகள் இலண்டனில் இருந்த அரச நாணயச்சாலையிலிருந்து வரவேண்டியிருந்தது. 1948 பிறந்துவிட்டது. புதிய அச்சுகள் வரவில்லை. கடைகளும் வங்கிகளும் சில்லறை கேட்டன.

ஒட்டாவாவில் இருந்த நாணயச்சாலை ஒரு வழி கண்டுபிடித்தது. 1948 என்று போட்டு அதில் இந்தியச் சக்கரவர்த்தி என்றும் போட்டால் அது பொய். எனவே 1947 என்ற ஆண்டை அப்படியே விட்டு, ஏழுக்குப் பக்கத்தில் மிகச் சிறிய மேப்பிள் இலை ஒன்றைச் சேர்த்து அடித்தார்கள். ‘இது உண்மையில் 1948இல் அடித்தது’ என்பதற்கு அந்த இலைதான் அடையாளம். ஒரு சதத்திலிருந்து வெள்ளி டொலர் வரை ஆறு வகைக் காசிலும் அந்த இலை வந்தது.

அரசர் அந்தப் பட்டத்தை விடுகிறார் என்ற முறையான அறிவிப்பு 1948 ஜூன் 22ஆம் திகதி வந்தது. ஆண்டின் பிற்பகுதியில் புதிய அச்சுகளும் வந்து சேர்ந்தன. புதிய காசில் ‘டெய் கிராசியா ரெக்ஸ்’ என்று இருந்தது. இந்தியா எழும்பிப் போன இடத்தில் கடவுளின் பெயர் முழு எழுத்தில் வந்து உட்கார்ந்தது.

இந்த இலைக் காசுகள் அடிபட்ட அதே 1948இல்தான், பெப்ரவரி 4ஆம் திகதி, இலங்கையும் சுதந்திரம் பெற்றது. பிறகு 1951இல் வந்த இலங்கைக் காசில் வெறும் ‘ஆறாம் ஜோர்ஜ் அரசர்’ என்று மட்டும் இருந்தது.

ஆறாயிரம் சதங்கள்

இதையெல்லாம் நான் ஒரு நூலகப் புத்தகத்தில் வாசித்தபோது 2012. எனக்கு வயது பதினாறு. அந்த ஆண்டு மே 4ஆம் திகதி வின்னிபெக்கில் கனடாவின் கடைசி ஒரு சதக் குற்றியை அடித்தார்கள். 2013 பெப்ரவரி 4ஆம் திகதியிலிருந்து வங்கிகளுக்குச் சதம் கொடுப்பதை நிறுத்தப் போகிறார்கள் என்றும் அறிவித்திருந்தார்கள். அதன் பிறகு வருகிற சதங்களெல்லாம் உருக்கப் போகும். இலைக் காசு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எனக்குச் சில மாதங்கள்தான் இருந்தன.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்து வரும் வழியில் ஸ்காபரோவில் ஒரு வங்கிக்குப் போவேன். பத்து டொலரைக் கொடுத்து இருபது ரோல் சதம் வாங்குவேன். ஒரு ரோலில் ஐம்பது. மொத்தம் ஆயிரம் குற்றிகள். அந்தப் பை இரண்டரைக் கிலோ இருக்கும். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். வீட்டில் நிலத்தில் பத்திரிகையை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். அரை மணித்தியாலத்தில் விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். கையைக் கழுவினாலும் செம்பு மணம் போகாது. பார்த்து முடித்த காசைத் திங்கட்கிழமை வேறு வங்கியில் கொடுத்து மாற்றுவேன். வாங்கிய வங்கியிலேயே கொடுத்தால் அடுத்த கிழமை அதே காசு எனக்கே திரும்பி வரும்.

வந்ததெல்லாம் மகாராணிதான். ஆயிரத்தில் இரண்டோ மூன்றோ ஆறாம் ஜோர்ஜ் வருவார். அதிலும் 1947 வர வேண்டும். அதிலும் இலை இருக்க வேண்டும். ஒரு நாள் 1947 வந்தது. வீடு அதிரக் கத்தினேன். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தால், இலை இல்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கனடாவின் ஒரு சதத்தில் ஏற்கனவே இரண்டு பெரிய மேப்பிள் இலைகள் கிளையோடு இருக்கின்றன. இலையைத் தேடுகிறேன் என்று சொன்னதும் தங்கச்சி ஒரு பிடி காசை அள்ளி, “இந்தா, எல்லாத்திலும் இலை இருக்கு” என்றாள். நான் தேடியது ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில், கடுகு மாதிரி இருக்கும் குட்டி இலை. அறுபத்தைந்து வருடம் கை மாறித் தேய்ந்த காசில் அது வெறும் புடைப்பாகத்தான் தெரியும்.

ஏழாவது கிழமை, ஏறக்குறைய ஆறாயிரம் குற்றிகளுக்குப் பிறகு, அது வந்தது. தேய்ந்து கறுத்த மண்ணிறக் காசு. ஏழுக்கு வலப்பக்கத்தில் இலை. மறுபக்கத்தில், லென்ஸைச் சரித்துப் பிடித்தபோது, ‘இண்ட் இம்ப்’.

அப்பப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, காசை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

“நான் சொன்னனான்தானே,” என்றார்.

புளி போட்ட பிழை

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பொன்போல மினுங்கும். அன்று இரவு நானும் அந்தச் சதத்தைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன். காலையில் அது புதிதுபோல இளஞ்சிவப்பாக மினுங்கியது. பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனபோது, அங்கே மேசை போட்டிருந்த வயதான வியாபாரி ஒருவரிடம் அதைக் காட்டினேன். ஒரே பார்வைதான். “இதைக் கழுவிவிட்டாயே,” என்றார். செம்பின் மேல் இருக்கும் மண்ணிறம் அழுக்கு இல்லை என்று அவர்தான் விளக்கினார். காற்றோடு சேர்ந்து செம்பு தானே போர்த்திக்கொண்ட தோல் அது. புளியில் இருக்கும் அமிலம் அந்தத் தோலை உரித்துவிடும். பிறகு எத்தனை வருடம் வைத்தாலும் பழைய நிறம் அப்படியே திரும்பி வராது. கழுவின காசை, எவ்வளவு அரிதாக இருந்தாலும், சேகரிப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

பணமாகப் பார்த்தால் எனக்குப் பெரிய நட்டம் இல்லை. இலை போட்ட ஒரு சதங்கள் 4 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டவை. தேய்ந்தது ஒன்றின் விலை ஒரு கோப்பை தேநீருக்குக்கூடக் காணாது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் மைலோ ரின்னைத் திறந்து பார்த்தேன். அந்த 1943 ஐம்பது சதத்தை அடுத்ததாகப் புளியில் போடலாம் என்று நான் எடுத்து வெளியே வைத்திருந்தேன். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

ஏழில் எத்தனை ஏழு

இலையைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏழையும் பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டுக் காசுகளில் ஏழின் வால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் நுனி கூராக இருக்கும், சிலவற்றில் மொட்டையாக. ஐம்பது சதத்தில் நேரான ஏழும் உண்டு, வளைந்த ஏழும் உண்டு. இலை போட்ட ஐம்பது சதங்கள் மொத்தம் 38,433தான். அதில் வளைந்த ஏழு உள்ளது மிக அரிது. நேரான ஏழைவிட அதன் விலை பல மடங்கு. ஆனால் நாணயச்சாலையின் கணக்கில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்தான் இருக்கிறது. வளைந்தது எத்தனை என்று ஒருவரும் எண்ணி வைக்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் ஏழு.

அடுத்தது புள்ளி. இதற்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தார். தம்பி ஆறாம் ஜோர்ஜ் அரசரானார். அப்போதும் இதே சிக்கல்தான். 1937 தொடங்கிவிட்டது, புதிய அச்சு வரவில்லை. அதனால் 1936 என்ற ஆண்டோடு, ஐந்தாம் ஜோர்ஜின் தலையோடு, கீழே ஒரு சிறு புள்ளி வைத்து அடித்தார்கள். புள்ளி போட்ட ஒரு சதம் 678,823 அடித்ததாகக் கணக்கு சொல்கிறது. ஆனால் இன்று இருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அதில் ஒன்று 2010இல் அமெரிக்காவில் 4 லட்சம் டொலருக்கும் மேல் ஏலம் போனது. இருபத்தைந்து சதத்தில் மட்டும்தான் புள்ளிக் காசு கொஞ்சமாவது வெளியே வந்தது.

இதை வாசித்தவர்கள் 1947ஆம் ஆண்டு ஐந்து சதத்தில் ஏழுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைக் கண்டால் துள்ளிக் குதிப்பார்கள். அப்படிப்பட்ட ஐந்து சதங்களும் உண்மையில் இருக்கின்றன. ஆனால் அந்தப் புள்ளி வேண்டுமென்று வைத்தது இல்லை, தேய்ந்த அச்சில் ஏற்பட்ட சேதம் என்றுதான் பலரும் கருதுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்றுக்குப் பின்னால் ஒரு அரசர் முடி துறந்த கதை இருக்கிறது, மற்றதற்குப் பின்னால் ஒரு பழைய அச்சு இருக்கிறது. காசை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வரலாற்றையும் வாசிக்க வேண்டும்.

புள்ளியால் நானும் ஒருமுறை ஏமாந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, 1936 புள்ளி இருபத்தைந்து சதம் ஒன்றை இணையத்தில் ஒருவரிடம் அறுபது டொலருக்கு வாங்கினேன். படத்தில் அழகாக இருந்தது. கையில் வந்ததும் லென்ஸில் பார்த்தேன். உண்மையான புள்ளி அச்சிலேயே இருந்த குழியிலிருந்து வருவது. காசின் உடம்பிலிருந்தே எழும்பி, அதே நிறத்தில், அதே தேய்மானத்தோடு இருக்கும். இதில் புள்ளியின் அடியைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தது. பக்கத்தில் கீறல்கள். யாரோ ஒரு துளி உலோகத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். விற்றவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அறுபது டொலர் என்பது அப்போது எனக்கு இரண்டு கிழமைச் சாப்பாட்டுச் செலவு. அந்தக் காசை நான் எறியவில்லை. உண்மையான புள்ளி எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு அதைத்தான் இன்றும் எடுத்துப் பார்க்கிறேன்.

உருகிப் போனவை

ஒரு சதத்தில் இலையைத் தேட வங்கிக்குப் போனேன். பத்துச் சதத்திலும் இருபத்தைந்து சதத்திலும் தேட அந்த வழி ஏறக்குறைய மூடிவிட்டது. 1920 முதல் 1966 வரை கனடாவின் அந்தக் காசுகளில் 80 சதவீதம் வெள்ளி. 1967இல் வெள்ளியைக் குறைக்கத் தொடங்கி, 1968இல் நிக்கலுக்கு மாறினார்கள். வெள்ளியின் விலை காசின் பெறுமதியைத் தாண்டியதும் சனங்கள் அவற்றை எடுத்து ஒளித்து வைத்தார்கள். 1980 தொடக்கத்தில் வெள்ளி விலை ஒரேயடியாக ஏறியபோது பைபையாகக் கொண்டுபோய் உருக்கக் கொடுத்தார்கள். அந்தப் பைகளில் எத்தனை இலைகள் இருந்தனவோ! உருக்குகிறவர் ஆண்டைப் பார்க்க மாட்டார், நிறையைத்தான் பார்ப்பார்.

நிக்கல் காசுகளுக்கும் இப்போது அதே கதிதான். நாணயச்சாலையே பழைய நிக்கல் காசுகளைப் பிரித்தெடுத்து, விலை குறைந்த உருக்குக் காசுகளைப் புழக்கத்தில் விடுகிறது. வீட்டில் பார்க்க ஒரு சுலபமான வழி: பழைய பத்துச் சதத்துக்குக் கிட்ட ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். நிக்கலும் உருக்கும் ஒட்டும். வெள்ளி ஒட்டாது.

நான் பின்னர் இலை போட்ட ஐந்து, பத்து, இருபத்தைந்து சதங்களைக் கண்காட்சிகளில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். இன்னும் இல்லாதவை ஐம்பது சதமும் வெள்ளி டொலரும். அந்த டொலரில் ஒரு வள்ளத்தில் இருவர் துடுப்பு வலிக்கிறார்கள். அதை வரைந்தவர் எமானுவெல் ஹான், எங்கள் ரொறன்ரோவில் வாழ்ந்து, ஒன்ராறியோ கலைக் கல்லூரியில் கற்பித்த சிற்பி. இருபத்தைந்து சதத்துக் கரிபு மானும் பத்துச் சதத்துப் பாய்க்கப்பலும் அவர் கைவேலைதான். ரொறன்ரோத் தீவுக்குப் போனால் படகோட்டி நெட் ஹன்லானின் சிலையைப் பாருங்கள், அதுவும் அவருடையது. இலை போட்ட டொலர் மொத்தம் 21,135. அதைவிட அரிது 1948 என்றே ஆண்டு போட்ட டொலர். புதிய அச்சு வந்து சேர ஆண்டின் பெரும்பகுதி போய்விட்டதால் 18,780தான் அடித்தார்கள். அதற்கு நான் இன்னும் காசு சேர்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த டொலர் கிடைத்தாலும், புளியால் நான் கெடுத்த ஒரு சதம் சொல்லாத எதையும் அது புதிதாகச் சொல்லப் போவதில்லை. இரண்டிலும் அதே இலைதான். ஒரு பெரிய நாடு தன்னைத் தானே ஆளத் தொடங்கிய செய்தி, பல்லாயிரம் மைல் தள்ளி ஒட்டாவாவில் ஒரு தொழிலாளியின் மேசைக்கு வந்து, கடுகளவு இலையாகப் பதிந்த கதை அது. அரிய காசு என்றால் விலை கூடிய காசு என்று பலர் நினைக்கிறார்கள். விலையை நிர்ணயிப்பது எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்ற கணக்கு. வரலாறு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அந்த மினுங்கும் சதம் இப்போது மைலோ ரின்னில், இலங்கை ஐம்பது சதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் இந்தியாவின் சக்கரவர்த்தி என்று முழுதாக, மற்றதில் சுருக்கமாக, பக்கத்தில் ஒரு இலையோடு.

உங்கள் வீட்டிலும் சில்லறை போட்டு வைத்த பழைய போத்தல் ஒன்று எங்காவது இருக்கும். இந்த சனிக்கிழமை கவிழ்த்துப் பாருங்கள். காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படவிடாதீர்கள். 1947 வந்தால் ஏழுக்குப் பக்கத்தைப் பாருங்கள். ஏழின் வாலையும் பாருங்கள். கண்டுபிடித்தால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் காட்டுங்கள், அவர்களிடமும் ஒரு ரின் இருக்கலாம்.

புளி மட்டும் வேண்டாம்.